ஆறிய இரும்பின் இறுக்கம்

இரும்பை ஒளியால் அறுக்கிறார்கள் என்று கேட்டவுடன், வாளும் படாமல் உளியும் படாமல் அறுபடுகிற பொருளுக்கு நோவு என்ன இருக்கப்போகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். அதில் பாதி உண்மை உண்டு. கத்தரியைப் போல லேசர் கதிர் தகட்டை நசுக்குவதில்லை. ரம்பத்தைப் போல உராய்ந்து அதிரவைப்பதுமில்லை. ஆனால் அது அறுப்பது நெருப்பினால். நெருப்புத் தீண்டிய உலோகம், ஆறிய பின்னும் அந்தத் தீண்டலைத் தன்னுள் வைத்துக்கொண்டிருக்கிறது.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரவட்டையின் சுற்றளவைவிடச் சற்றே குறைவாகப் பட்டாவை வளைத்துச் சேர்த்து, வறட்டியும் விறகும் அடுக்கிச் சிவக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் அது விரியும். விரிந்த நிலையிலேயே நாலைந்து பேர் இடுக்கிகளால் தூக்கி வட்டையின் மேல் இறக்கி, மரம் தீப்பற்றுமுன் தண்ணீரைக் கொட்டுவார்கள். பட்டா சுருங்கும். ஆரக்கால்கள் குடத்துக்குள் நெறித்துக்கொண்டு இறங்கும் ஓசை தெருக்கோடி வரை கேட்கும். அதன் பிறகு அந்த இரும்பு மரத்தைப் பல்லாண்டு இறுகப் பிடித்திருக்கும். தொட்டுப் பார்த்தால் குளிர்ந்த இரும்பு. உள்ளேயோ ஓயாத இழுப்பு.

வெளியிலிருந்து எவரும் இழுக்காமலும் அழுத்தாமலும் பொருளுக்குள்ளேயே தங்கிவிட்ட இத்தகைய விசையை எச்சத் தகைவு என்று சொல்லலாம். வண்டிக்காரருக்கு அது நண்பன். தகடு அறுப்பவருக்கு அதுவே பகைவன்.

அரபும் தமிழும் ஓதிக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இரும்பைப் பற்றி என்ன கவலை என்று வாசகர்கள் வினவலாம். சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவின் நுழைவாயிலுக்கு அரபு எழுத்தில் ஒரு பெயர்ப் பலகை செய்யத் தீர்மானித்தோம். எட்டடி நீளம், இரண்டடி அகலம்; 1.5 மி.மீ. கனமுள்ள துருவேறா எஃகுத் தகடு. நடுவே பெயர், சுற்றிலும் நட்சத்திரக் கண்கள் கொண்ட ஜாலி வேலைப்பாடு. செலவில் பெரும்பகுதி மாணவியரின் தாய்மார்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தந்தது. பக்கத்து நகரிலுள்ள ஒரு லேசர் பட்டறையில் வேலையைக் கொடுத்தோம். வந்து சேர்ந்த பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தபோது அதன் நடுப்பகுதி புடைத்திருந்தது. புடைப்பைக் கையால் அழுத்தினால் எண்ணெய் டின்னின் அடிப்பாகம் போல ‘டப்’பென்று பின்பக்கம் போயிற்று, கையை எடுத்தால் முன்பக்கம் வந்தது. ‘ரா’வின் வால்நுனியும் ‘வாவ்’ எழுத்தின் கொக்கியும் உருகி மழுங்கிப்போயிருந்தன.

பட்டறை முதலாளி வருந்தினார். வருந்தியதோடு நில்லாமல், “கவலைப்படாதீர்கள் ஹஜரத். மெஷினை ஓட்டிய பையன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன். உங்களுக்குப் பாதிப் பணம் திரும்பிவிடும்” என்றார். எங்கள் குழுவில் சிலருக்கு அது நியாயமாகப் பட்டது. பொதுப்பணம் அமானத் அல்லவா, வீணாகலாமா என்று கேட்டார்கள். எனக்கோ ஓர் இளைஞனின் ஒரு மாத உழைப்பை எடுத்து நம் வாயிலுக்கு அலங்காரம் செய்வது தொண்டையில் முள்ளாக நின்றது. அவன் செய்தது பிழைதானா என்பதை முதலில் அறியவேண்டும். அறியாமல் தீர்ப்புச் சொல்வது எவருக்கும் தகாது. ஆகவே தகடு ஏன் வளைந்தது என்ற கேள்வியைக் கையில் எடுத்தேன்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், பின்னர் பாலிடெக்னிக் படித்து, திருச்சிப் பகுதியில் ஒரு பட்டறையில் இதே வகை இயந்திரத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறார். விடுமுறையில் ஊர் வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பலகையைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். ஓரத்தை விரலால் தடவினார். பிறகு சொன்னார்: “ஹஜரத், வெயிலில் காயவைத்த அப்பளம் பார்த்திருக்கிறீர்களே, அதுதான் இது.”

அப்பளத்தின் ஓரம் முதலில் காய்கிறது. காய்ந்த ஓரம் சுருங்குகிறது. நடுப்பகுதி இன்னும் சுருங்கவில்லை. சிறுத்துவிட்ட ஓரத்துக்குள் பெரிதாக நிற்கும் நடுப்பகுதி அடங்க இடமின்றி மேலே புடைக்கிறது. தகட்டிலும் அதுவே நடந்திருக்கிறது என்றார். ஓரம் ஏன் சுருங்கவேண்டும்? அங்கேதான் அந்த ஒளியின் வேலை இருக்கிறது.

ஒளியைக் குவித்தால் எரிக்கலாம் என்பது புதிய அறிவன்று. 984-ஆம் ஆண்டு வாக்கில் பக்தாதில் இப்னு சஹ்ல் என்ற கணித அறிஞர் எரிக்கும் கருவிகளைப் பற்றியே தனி நூல் எழுதினார். ஒளிக்கதிர்கள் யாவும் ஒரே புள்ளியில் வந்து கூடவேண்டுமானால் ஆடியின் வளைவும் வில்லையின் வளைவும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அவர் கணக்கிட்டார். ஒளி ஊடகம் மாறும்போது திரும்பும் விதியையும் அதில் பயன்படுத்தினார். அவருக்குப் பின்வந்த இப்னுல் ஹைத்தம் அந்த வழியில் நெடுந்தூரம் சென்றார். ஆனால் அவர்களிடம் இருந்த ஒளி சூரியனுடையது. எல்லா அலைகளும் ஒன்றாக அடியெடுத்து வைக்கும் லேசர் ஒளியை 1960-இல்தான் அமெரிக்காவில் தியோடர் மைமன் ஒரு மாணிக்கக் கல்லிலிருந்து எழுப்பினார். 1964-இல், மராட்டியத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் கரியமில வாயு லேசரை அமைத்தார். 1967-இல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் ஹௌல்ட்கிராஃப்ட், அக்கதிருடன் ஆக்சிஜனையும் சேர்த்துச் செலுத்தி 1 மி.மீ. எஃகுத் தகட்டை அறுத்துக் காட்டினார். இன்றைய பட்டறைகளில் மெல்லிய கண்ணாடி இழை வழியாக வரும் ஃபைபர் லேசர் பெரும்பாலும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

3,000 வாட் ஆற்றலுள்ள ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிகள் மூன்றின் ஆற்றல்தான் அது. அந்த மூன்று பெட்டிகளின் சூட்டையும் தலைமயிர்க் கனமுள்ள ஒரு புள்ளியில் இறக்கினால் எஃகு என்ன செய்யும்? கணப்பொழுதில் உருகுகிறது. உருகியதை மூக்குக் குழாயிலிருந்து சீறிவரும் வாயு கீழே ஊதித் தள்ளுகிறது. சாதா இரும்புக்குப் பெரும்பாலும் ஆக்சிஜன். அதில் இரும்பே எரிந்து கதிருக்குத் துணைநெருப்பாகிறது. துருவேறா எஃகுக்கு நைட்ரஜன். ஓரம் கருகாமல் வெளுப்பாக வரும்.

அறுபட்ட வழியில் இருந்த உலோகம் போய்விட்டது. அதற்குப் பக்கத்தில் நிற்கும் உலோகந்தான் கதைக்கு உரியது. அது உருகவில்லை, ஆனால் கொதிக்கச் சூடேறிற்று. சூடேறியதால் விரிய முனைகிறது. சுற்றிலும் குளிர்ந்த தகடு மதில்போல் நிற்கிறது, விரிய விடாது. இந்த இடத்தில் என் மாணவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அதைக் கேட்டு வியந்தேன். நாற்புறமும் அசையாமல் பிடிக்கப்பட்ட சாதா இரும்பின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி உயர்ந்தாலே போதும். உள்ளே எழும் அழுத்தம் அந்த இரும்பு தாங்கும் எல்லையை எட்டிவிடும். அதற்கு மேல் அது மீளாத வகையில் நசுங்கும். எஃகு உருகுவதோ 1,400, 1,500 டிகிரியில். வெட்டின் ஓரத்திலுள்ள உலோகம் அந்த உச்சத்துக்கும் நூறுக்கும் இடைப்பட்ட சூடுகளையெல்லாம் கண்டுவிட்டுத் திரும்புகிறது. ஆக, அது தன் இடத்துக்குள்ளேயே நசுங்கிக் குறுகிவிட்டது. ஆறும்போது மேலும் சுருங்கப் பார்க்கிறது. இப்போதும் அயலிலுள்ள தகடு விடுவதில்லை. முடிவில் ஓரம் இழுபட்ட நிலையிலும், உட்பகுதி அமுக்கப்பட்ட நிலையிலும் உறைந்துபோகின்றன. கனமான தகடானால் அந்த அமுக்கத்தைத் தாங்கிக்கொண்டு நேராகவே நிற்கும். மெல்லிய தகடு தாங்காது, புடைத்துக்கொள்ளும்.

நம் பலகை துருவேறா எஃகு. அது சாதா இரும்பைவிடச் சூட்டில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும்; வெப்பத்தைக் கடத்துவதிலோ மூன்றிலொரு பங்குதான். விரிவதில் தாராளம், சூட்டைப் பகிர்ந்துகொள்வதில் கஞ்சத்தனம். சூடு விழுந்த இடத்திலேயே தேங்கி நிற்கும். இதோடு, தகடு ஆலையிலிருந்து சுருளாக வந்து, பிரித்து நிமிர்த்தப்பட்ட பொருள் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். உருளைகளுக்கிடையே பட்ட நெருக்கடியும் அதற்குள் தங்கியிருக்கிறது. ஒன்றையொன்று சமன்செய்து அடங்கியிருக்கும் அவ்விசைகளை, ஜாலிக்கண்கள் நூற்றுக்கணக்கில் வெட்டும்போது அங்கங்கே அறுத்துவிடுகிறோம். சமன் கலைகிறது, தகடு புதிய சமனைத் தேடித் தானே நெளிகிறது.

உறங்கும் தகைவு எத்தனை காலம் பொறுத்திருந்து எழும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று ஒன்றுண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இங்கிருந்த படையினர் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துப் பிளந்தன. எவரும் சுடவில்லை, அடிக்கவில்லை. குதிரை லாயங்களில் அவற்றை வைத்திருந்தார்கள். காரணம் 1921-இல்தான் தெளிவாக்கப்பட்டது. குளிர்நிலையில் இழுத்து உருவாக்கியபோது உறைக்குள் தங்கிவிட்ட தகைவு ஒருபுறம், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா மறுபுறம். இரண்டும் கூடியபோது பிளவு. மிதமாகக் காய்ச்சி ஆறவிட்டு அந்தத் தகைவைத் தணித்தால் பிளவு நின்றது. தட்டித் தட்டி இறுகிய செம்பைப் பாத்திரக் கன்னார்கள் அவ்வப்போது உலையில் காட்டி இளக்கிக்கொள்வதும் இதன் இனந்தான். இறுக்கத்தைத் தருவதும் நெருப்பு, தணிப்பதும் நெருப்பு. எவ்வளவு, எவ்வளவு நேரம், எவ்வாறு ஆறவிடுவது என்பதில் இருக்கிறது வேறுபாடு.

அப்படியானால் நம் பலகையையும் காய்ச்சித் தணிக்கலாமே என்று கேட்டேன். சாதா இரும்பாயிருந்தால் 600 டிகிரி அளவில் வைத்து மெள்ள ஆறவிடலாம் என்றார். ஆனால் இந்த வகைத் துருவேறா எஃகை அந்தச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் அதிலுள்ள குரோமியம் கரியுடன் கூடி ஒதுங்கிவிடும்; துருவேறாமைக்கே பழுது வந்துவிடும். குழுவிலிருந்த ஹாஜியார் ஒருவர், புடைப்பின் மேல் மரச்சுத்தியால் தட்டி, சுவரோடு திருகாணிகளால் இறுக்கிவிடலாம் என்று யோசனை கூறினார். என் மாணவர் மரியாதையோடு மறுத்தார். புடைத்திருக்கும் நடுப்பகுதி ஏற்கெனவே ஓரத்தைவிட நீண்டிருக்கிறது. அங்கே தட்டினால் இன்னும் நீளும், இன்னும் புடைக்கும். தட்டுவதானால் குறுகிப்போன ஓரத்தைத்தான் தட்டி நீட்டவேண்டும். ஜாலிக்கண்ணின் மெல்லிய கம்பிகளைத் தட்டினால் நட்சத்திரங்கள் நட்சத்திரங்களாயிரா. திருகாணியால் அமுக்கினால் நேராகத் தோன்றும். தகைவு ஒளிந்துகொள்ளும், ஒழியாது. நாள்தோறும் வெயில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆணிகளை இழுத்துக்கொண்டேயிருக்கும். ஹாஜியார் சற்று யோசித்து, “வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே புழுங்குகிற சம்பந்திகள் மாதிரி என்கிறாய்” என்றார். இந்த உவமையை நான் மேம்படுத்த இயலாது.

மறுநாள் இருவரும் அந்தப் பட்டறைக்குச் சென்றோம். வெட்டு எந்த வரிசையில் நடந்தது என்பதைத் திரையில் ஓட்டிக் காட்டும்படி என் மாணவர் கேட்டார். ஜாலிக்கண்கள் இடமிருந்து வலமாக, ஒன்றை அடுத்து ஒன்றாக, நெல் நாற்று நடுவதுபோல் வெட்டப்பட்டிருந்தன. இயந்திரத்தலை வீணாக அலையாமல் நேரம் மிச்சமாக்கும் வரிசை அது. ஆனால் முதற்கண்ணின் சூடு ஆறுமுன் அதன் பக்கத்திலேயே இரண்டாம் கண், அதன் பக்கத்தில் மூன்றாம் கண். சூடு சூட்டின் மேல் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாவித் தாவி வெட்டியிருக்கவேண்டும். உள்வெட்டுகளை முடித்துவிட்டு வெளிவிளிம்பைக் கடைசியில் வெட்டவேண்டும். எழுத்துநுனிகள் மழுங்கியதற்கும் காரணம் திரையிலேயே தெரிந்தது. கூர்முனையில் திரும்பும்போது தலை வேகத்தைத் தணித்தாகவேண்டும். வேகம் தணியும்போது கதிரின் ஆற்றலையும் தணிக்கவேண்டும், அல்லது விட்டுவிட்டு அடிக்கும் துடிப்பாக மாற்றவேண்டும். இங்கே அது மாற்றப்படவில்லை. நின்ற இடத்தில் முழு நெருப்பும் கொட்டியிருக்கிறது.

இவை யாவும் கோப்பில் உள்ளவை. கோப்பை ஆயத்தம் செய்தது மேல்மாடி அலுவலகம். கீழே நின்ற பையன் தகட்டை ஏற்றிப் பொத்தானை அழுத்தினான், அவ்வளவே. முதலாளியிடம் இதை என் மாணவரே தொழில்மொழியில் எடுத்துரைத்தார். நான் சொன்னது ஒரு வாக்கியந்தான்: அந்தப் பிள்ளையின் கூலியிலிருந்து எடுத்த ஒரு ரூபாயும் எங்கள் மதரஸா வாயிலுக்கு வேண்டாம். அவர் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தகட்டின் விலையை நாங்கள் தந்தால் வெட்டுக்கூலி வாங்காமல் புதிதாகச் செய்து தருவதாகச் சொன்னார். சம்பளப் பேச்சு அதோடு நின்றது. அந்தப் பையன் அப்போதும் இயந்திரத்தருகேதான் நின்றான். எங்கள் பேச்சு அவன் காதில் விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் முறை வரைபடத்தை நானும் உடனிருந்து திருத்தினேன். அரபு எழுத்தில் உலோகவேலை செய்வோருக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. ‘பா’, ‘தா’, ‘ஸா’ மூன்றும் சொல்லுக்கு நடுவே வரும்போது ஒரே உடல். புள்ளிகள்தாம் பிரித்துக் காட்டுகின்றன. புள்ளியோ எழுத்தைத் தொடாமல் நிற்பது. எழுத்தை உலோகமாக நிறுத்திச் சுற்றிலும் வெட்டினால் புள்ளிகள் கழன்று கீழே விழும். எழுத்தைத் துளையாக வெட்டினாலோ ‘மீம்’, ‘வாவ்’, ‘காஃப்’ இவற்றின் வயிறு விழுந்துவிடும். ஆகையால் மெல்லிய பாலங்கள் விட்டு அவற்றைப் பிடித்துவைப்பது வழக்கம். பழைய வரைபடத்தில் ஒரு பாலம் தன் இடத்தில் நில்லாமல், எழுத்தில் இல்லாத ஒரு பல்லைப் போலக் காட்சியளித்தது. குழந்தைகள் தலைநிமிர்ந்து எழுத்துக்கூட்டும் இடத்தில் அது கூடாது. மேலும் அந்தப் பாலங்கள் ஒடுங்கிய இடங்களாதலால் சூடு வடிய வழியில்லாமல் அங்கேயே குவிந்திருந்தது.

10-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அமைச்சராயிருந்த இப்னு முக்லா, நாணற்பேனா ஒருமுறை அழுந்தி இடும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு எழுத்துகளின் உயரத்தையும் வளைவையும் வரையறுத்தார் என்பதை எழுத்துக்கலை பயின்றோர் அறிவர். அந்தப் புள்ளியின் முனை உருகி உருண்டையானால் அளவுகோலே கெட்டது. ஆகவே ஜாலியை அடியோடு விட்டுவிட்டோம். தகட்டை 3 மி.மீ. கனத்துக்கு உயர்த்தினோம், கனம் இரட்டித்தால் வளையாமல் நிற்கும் வலிமை எட்டு மடங்காகிறது. பாலங்களை நீக்கினோம். கூட்டெழுத்தாக வரும் சொற்பகுதி ஒவ்வொன்றும் தனித்துண்டு. புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்துண்டு. எல்லாவற்றுக்கும் பின்னால் சிறு தண்டு வைத்துச் சுவரில் நேரே பொருத்துவது என்று முடிவாயிற்று. வெட்டுவரிசையை என் மாணவர் மாற்றியமைத்தார். பொத்தானை அழுத்தியது அதே பையன்.

கொத்தனார் பொருத்தும் நாளன்று காகித மாதிரியைச் சுவரில் ஒட்டி, புள்ளிகளின் இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். அவருக்கு அரபு தெரியாது. எனக்குத் துளையிடத் தெரியாது. மாலை வரை இருவரும் ஏணியில் ஏறியும் இறங்கியும் வேலையை முடித்தோம். நீண்ட இழுப்புடைய ஒரு துண்டு மட்டும் ஒன்றரை மீட்டர் இருந்தது. வாயில் மேற்குப் பார்த்தது; கோடைப் பிற்பகலில் அந்தச் சுவரில் கைவைக்க முடியாது. அதிகாலைக்கும் பிற்பகலுக்கும் இடையே அந்த உலோகத்தின் சூடு 40 டிகிரி மாறினால் அத்துண்டு ஏறக்குறைய 1 மி.மீ. நீளும், மறுபடி குறுகும். ஆதலால் அதன் ஒரு முனையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்ற தண்டுகளுக்கு வட்டத்துளைக்குப் பதிலாக நீள்துளை விட்டு, இருபக்கமும் 2 மி.மீ. இடைவெளி கொடுத்திருக்கிறோம்.